குட்டியானையும் கூரைக்கூடாரமும்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஐந்தருவிக்குப் போகிற சாலையோரம் ஒரு தென்னந்தோப்பு. சீசன் வந்தால் காசு வாங்கிக்கொண்டு வண்டி நிறுத்த விடுவார்கள். காலை எட்டு மணிக்கே முக்கால் தோப்பு நிறைந்துவிட்டது. சாரல் எப்போது விழுகிறது, எப்போது நிற்கிறது என்று தெரியவில்லை; சட்டை மட்டும் நனைந்துகொண்டே இருந்தது. அங்கே அடுத்தடுத்து நின்ற இரண்டு வண்டிகள்தான் இந்தக் கட்டுரை.

ஒன்று டாட்டா ஏஸ். நம் ஊரில் அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, குட்டியானை. புளியங்குடியிலிருந்து வந்தது. வாரம் முழுக்க எலுமிச்சை மூடை சுமக்கிற வண்டி என்பதைப் பக்கத்தில் போனாலே மூக்கு சொல்லிவிடும். மஞ்சள் எண்பலகை, பின்பக்கம் வளைத்துக் கட்டிய குழாய்களின் மேல் நீலத் தார்ப்பாய், உள்ளே வைக்கோலும் அதன்மேல் ஜமுக்காளமும்.

இன்னொன்று இசுசு வி-கிராஸ். கர்நாடகப் பதிவெண், வெள்ளைப் பலகை. பின் தொட்டியை மூடி ஒரு கேனோபி, அதன் தலையில் மடக்கிவைத்த கூரைக்கூடாரம், பக்கவாட்டில் சுருட்டிய பந்தல் துணி, முன்கண்ணாடி ஓரமாக யானைத் தும்பிக்கை மாதிரி மேலேறுகிற ஸ்நார்கெல். பெங்களூரில் கணினி வேலை பார்க்கிற தமிழ்ப் பையன் ஒருவனும் அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதில் வந்திருந்தார்கள்.

குட்டியானையிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் அந்த வண்டியை இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல எத்தன மூடை ஏத்தலாம்?"

"மூட்டை ஏத்துறதில்லைங்க ஐயா. கேம்பிங் போறதுக்கு."

"அப்பம் பின்னால எதுக்குத் தம்பி இம்புட்டு இடம்?"

பையன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அந்தக் கேள்வியில் ஒரு பிழைதான் இருந்தது: பின்னால் அவ்வளவு இடம் இல்லை. வி-கிராஸ் ஏறக்குறைய 5.3 மீட்டர் நீளம். ஏஸ் 3.8 மீட்டர்தான். ஒன்றரை மீட்டர் கூடுதல் நீளமுள்ள வண்டியில் சாமான் தொட்டி ஐந்தடி நீளத்தோடு முடிந்துவிடுகிறது. குட்டியானையிலோ அது ஏழடி. பெரிய வண்டியின் நீளத்தையெல்லாம் இன்ஜினும், நான்கு கதவு வைத்த இரட்டை அறையும் தின்றுவிடுகின்றன. இந்த ஒரு கணக்கிலிருந்தே மற்றதெல்லாம் கிளைக்கிறது. ஏழடித் தொட்டியில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், ஆகவே குட்டியானைக்காரர் மேலே பார்க்க வேண்டியதில்லை. ஐந்தடியில் கால் நீளாது. அதனால்தான் கூடாரம் மொட்டைமாடிக்கு ஏறுகிறது, அதற்கு ஏணி வருகிறது, ஏணிக்குத் தாங்கு கம்பி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டறை வருகிறது.

இரண்டும் ஒரே குலம்தான். முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் திறந்த தொட்டி, அடியில் சட்டம், பின் அச்சில் லீஃப் ஸ்பிரிங் பட்டை. ஆனால் பிறந்த காரணம் வேறு. ஏஸ் 2005 மே மாதம் சந்தைக்கு வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல், 16 குதிரைத்திறன். மூன்று சக்கர லோடு ஆட்டோக்காரர் இன்னொரு சக்கரம் சேர்த்துக்கொள்ளக் கனவு கண்டால் எட்டுகிற விலையில் இருக்கவேண்டும் என்பதுதான் அதன் திட்டமே. முக்கால் டன் சுமக்கும் என்று கம்பெனி சொன்னது. நம் ஆட்கள் அதற்கு மேலும் ஏற்றிப் பார்த்தார்கள்.

வி-கிராஸ் 2016-இல் வந்தது, சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து. அதற்கு முன்பும் இங்கே இரட்டை அறை பிக்கப்புகள் இருந்தன. டாட்டா ஸெனான், மஹிந்திரா கெட்டவே என்று சில பெயர்கள் ஞாபகம் வரலாம். அவற்றைத் தோட்டக்காரர்களும் காண்டிராக்டர்களும் வாங்கினார்கள். பிக்கப் என்பது வார இறுதிக்கு வாங்குகிற வண்டி என்கிற எண்ணம் வி-கிராஸோடுதான் இங்கே வேர்பிடித்தது. 2022-இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தபோது ஆரம்ப விலையே 33.99 லட்சம். உலகத்தின் வேறு மூலைகளில் சிமெண்ட் மூடையும் ஆட்டுக்குட்டியும் ஏற்றுகிற வண்டி அது. இங்கே வந்து சேர்ந்தபோது சொகுசுக் காராகிவிட்டது.

மாற்றம் செய்வதில்தான் இரண்டு வண்டிக்காரர்களின் மனசும் வெளிப்படுகிறது. குட்டியானைக்காரரிடம் பேச்சுக்கொடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம் கடைசி லோடு இறக்கியதும் வண்டியைக் கண்மாய்க் கரையில் கொண்டுபோய்க் கழுவியிருக்கிறார். தொட்டியில் ஒரு கட்டு வைக்கோல். பந்தல்காரரிடம் வாடகைக்கு வாங்கிய ஜமுக்காளம். குழாய் வளைவுகள் வண்டியோடேயே இருப்பவை. மழைக்காலத்தில் சரக்கு நனையாமலிருக்க மாட்டுவது. தார்ப்பாயை இழுத்து நைலான் கயிற்றால் கட்டினால் வேலை முடிந்தது. மொத்தம் இரண்டு மணி நேரம். "திங்கக்கெழம காலம்பற அவுத்துப் போட்டுருவேன் அண்ணாச்சி. மார்க்கெட்டுக்குள்ள இதோட போனா சிரிப்பானுவ" என்றார்.

இதில் புதிதாக எதுவும் இல்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சாரலுக்குக் கூண்டு வண்டி பூட்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இவர்கள். அந்த வண்டியிலும் அடியில் வைக்கோல்தான். போகும்போது மெத்தை, போய்ச் சேர்ந்ததும் மாட்டுக்குத் தீனி. குட்டியானை வைக்கோல் தின்னாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பெங்களூர்ப் பையனின் மாற்றங்களுக்கு மாதக்கணக்கில் நாள் பிடித்திருக்கிறது. முதலில் சக்கரம், பிறகு சஸ்பென்ஷன், பிறகு கேனோபி. அதன்பின் கூடாரம் வாங்கியிருக்கிறான். அது வந்ததும் பின்பக்கம் தொய்ந்து, பட்டைகளை மறுபடி மாற்றியிருக்கிறான். சின்ன ஃபிரிட்ஜ், அதற்கு இரண்டாவது பேட்டரி, அதைச் சார்ஜ் ஏற்றக் கூரையில் சோலார் தகடு. இழுத்தால் வெளியே வருகிற அடுப்படி ஒன்றை அவன் திறந்து காட்டியபோது, குட்டியானைப் பெண்கள் கூட்டமாக வந்து நின்று பார்த்தார்கள். "எங்க வீட்டு அடுப்படி இப்படி இல்லையே" என்று ஒரு அக்கா சொன்னார். நிஜமாகவே நேர்த்தியான வேலை. கத்திக்கு ஒரு பள்ளம், கரண்டிக்கு ஒரு பள்ளம். ஆனால் அந்த அடுப்பில் நான்கு பேருக்குத்தான் சமைக்க முடியும். பக்கத்தில் தரையில் கல் கூட்டி, சருவச்சட்டியில் பதினான்கு பேருக்கு ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது.

எடைக் கணக்கு தனிக் கதை. கூரைக்கூடாரம் ஒன்று ஐம்பதிலிருந்து எழுபது கிலோ வரை இருக்கும். கேனோபி அதற்குக் குறையாது. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. இந்த எடை எங்கே உட்காருகிறது என்பதுதான் முக்கியம். எலுமிச்சை மூடை தொட்டியின் தரையில், அச்சுக்கு நெருக்கமாக உட்காரும். கூடாரம் உட்காருவது தலைக்கு மேலே. செங்கோட்டை தாண்டிப் புளியரை வளைவுகளில் போகும்போது, வண்டி ஒரு நொடி தாமதமாகத் திரும்புவது போல இருக்கும் என்று பையனே சொன்னான். தலைச்சுமை அதிகமான மனிதன் நடப்பதுபோல. லாரிக்காரர்கள் கனமான சரக்கை அடியிலும் லேசானதை மேலேயும் அடுக்குவது பள்ளிக்கூடத்தில் படித்து வந்த வித்தையில்லை.

இப்போது சட்டம். இந்த விஷயத்தில் இரண்டு பேருமே கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே உறுதிசெய்தது. மாநில விதி எதையாவது அனுமதிப்பதாகத் தோன்றினாலும், தயாரிப்பாளரின் வரையறைக்கு அது கட்டுப்பட்டதே. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. முன்பக்க இரும்புத் தடுப்பு விஷயத்தில் 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லி எழுதிவிட்டது. நடந்துபோகிறவர்மீது மோதினால் அந்த இரும்பு கூடுதலாகக் காயப்படுத்தும், ஏர்பேக்கின் உணர்கருவியையும் குழப்பும் என்பது காரணம். கழற்றி மாட்டுகிற கூடாரத்தைச் சாமானாகக் கருதலாமா, வண்டியின் மாற்றமாகக் கருதவேண்டுமா? அது சாலையில் நிறுத்துகிற அதிகாரியின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள்.

குட்டியானைக்கு இந்தப் பயமில்லை. காரணம், சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று உண்டு, எஃப்.சி. காட்டப் போகவேண்டும். புது வண்டிக்கு இரண்டு வருடம், பிறகு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடாவருடம். அதனால் வண்டி எப்போதும் பழைய உருவத்துக்குத் திரும்பக் கூடியதாகவே இருக்கவேண்டும். அதுதான் கயிறு, அதுதான் வெல்டிங் இல்லாத குழாய். வெள்ளைப் பலகை வண்டியைப் பதினைந்து வருடம் யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஆணியடித்த மாதிரி எல்லாம் ஏறுகிறது.

ஆனால் குட்டியானையின் குற்றம் இதைவிடப் பெரிது. அதில் ஆள் ஏற்றியிருக்கவே கூடாது. சரக்கு வண்டித் தொட்டியில் சும்மா ஏறி வந்தவர்களுக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று ஆஷா ராணி வழக்கில் 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1994 திருத்தம் சரக்குக்குச் சொந்தக்காரருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் இடம் கொடுத்தது. கல்யாண வீட்டாருக்கும் அருவிக்குப் போகிறவர்களுக்கும் கொடுக்கவில்லை. புளியங்குடி வண்டியில் பதினான்கு பேர், அதில் ஐந்து குழந்தைகள். ஆளெடையும் பாத்திரமும் சேர்த்தால் முக்கால் டன்னை நெருங்கும். எடையில் தப்பித்தாலும் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, பெல்ட் இல்லை, பின்கதவு ஒரு கொக்கியில் நிற்கிறது. அந்த ஜமுக்காளத்துக் குதூகலத்தை எழுத எனக்குக் கை பரபரக்கிறது. ஆனால் திரும்பும் வழியில் கடையநல்லூருக்கு அருகே ஒரு பிரேக் போதும். பெங்களூர்ப் பிள்ளைகள் இரண்டும் பெல்ட் போட்டு, தலையணை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தவை. இந்த ஒரு இடத்தில் முப்பது லட்ச ரூபாய் வண்டிக்கு முன்னால் குட்டியானை வாயே திறக்க முடியாது.

விவரம் தெரிந்த குடும்பங்கள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. அண்டா, குண்டான், அரிசி, விறகு எல்லாம் குட்டியானையில். ஆட்கள் வேனிலோ பஸ்ஸிலோ. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. செலவு கொஞ்சம் கூடும். பாட்டு சத்தம் குறையும்.

இனி ஊருக்கு வருவோம். இந்த ஊருக்கு எந்த வண்டி பொருந்தும்? நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குக் குற்றாலத்தில் வேலையே இல்லை என்று சொன்னால் பையன் வருத்தப்படுவான், ஆனால் நிஜம் அதுதான். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாவற்றுக்கும் கிட்டத்தில்வரை தார்ச்சாலை. அதற்கு மேல் செண்பகா தேவிக்கும் தேனருவிக்கும் காட்டுப்பாதை. அது வண்டிக்கான பாதையில்லை, வனத்துறையின் எல்லை. இந்த மலைத்தொடர்க் காடுகளின் பெரும்பகுதி 2015-இல் நெல்லை வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. தெற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஆக, ஓடையோரமாக வண்டியை நிறுத்தி, கூடாரம் விரித்து, நட்சத்திரம் பார்க்கலாம் என்று படங்களில் பார்த்த ஆசைக்கு இங்கே இடமில்லை. ஆடியில் நட்சத்திரமும் தெரியாது. கரடுமுரடான பாதை வேண்டுமென்றால் குண்டாறு அணைப் பக்கம் உண்டு. அங்கே ஓடுவதற்கென்றே பழைய ஜீப்புகள் வரிசையாக நிற்கும், வளைவு நெளிவு தெரிந்த ஓட்டுநர்களோடு. நாற்பது அங்குல உயரச் சக்கரம் வைத்திருந்தாலும் விருந்தாளி அந்த ஜீப்பில்தான் ஏறுவார்.

ஆற்றோரம் தங்குவதில் வேறொரு விஷயமும் இருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் சற்றும் எதிர்பாராமல் காட்டாற்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் சிதறி ஓடினார்கள். ஒரு சிறுவனின் உயிர் போயிற்று. மேலே மலையில் பெய்கிற மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் நிறம் மாறும். 'எழுநூறு மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும்' என்று விளம்பரத்தில் போடுகிற எண் எந்த வண்டிக்கும் அந்த நொடியில் உதவாது.

எல்லைக்கு அப்பால் கதை வேறு. புளியரை தாண்டினால் கேரளம். அந்த அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டு, வண்டி நிறுத்தித் தங்கும் பூங்காக்களுக்கு வழி செய்தது. தண்ணீர், மின்சாரம், கழிவு இறக்குமிடம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே கணக்கு உண்டு. நம் தென்னந்தோப்பில் இருந்தது ஒரு குழாயும், பத்து ரூபாய்க் கழிப்பறையும். சொல்லப்போனால் இரண்டு வண்டிப் பெண்களும் அன்று ஒரே விஷயத்துக்குத்தான் அலுத்துக்கொண்டார்கள். ஃபிரிட்ஜுக்கு இடம் கண்ட அந்த வண்டியில் கழிப்பறைக்கு இடமில்லை. முப்பது லட்சமும் வைக்கோல் கட்டும் அந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

குரங்குகளை விட்டுவிட்டால் குற்றாலக் கட்டுரை ஆகாது. கூரைக்கூடாரத்தைக் காலையில் விரித்து முடிப்பதற்குள் இரண்டு குரங்குகள் ஏணி வழியாகவே ஏறிப் போய்விட்டன. மனிதனுக்குச் செய்த வசதி எல்லோருக்கும் வசதிதானே. ஜிப்பைத் திறக்கத் தெரியாத குரங்கை நான் இன்னும் குற்றாலத்தில் பார்க்கவில்லை. குட்டியானைக்காரர்கள் இதற்கு ஒரு கிழவியைத் தொட்டி வாசலில் கம்போடு உட்காரவைத்திருந்தார்கள். பதினான்கு பேர் போனால் ஒருவர் காவலுக்கு மிஞ்சுவார். நான்கு பேர் குடும்பத்தில் அந்த ஆளுக்கு எங்கே போவது? பையன் வண்டியின் பின்பக்கம் கேமரா வைத்திருக்கிறான். குரங்கு அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

இருந்தாலும் அவன் பக்கத்தையும் சொல்லவேண்டும். பெங்களூரிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்தவன், விருதுநகர் தாண்டிக் கண் சொக்கியதும் பெட்ரோல் பங்க் ஒன்றில் ஓரங்கட்டி மூன்று மணி நேரம் மேலே ஏறித் தூங்கியிருக்கிறான். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் கேட்கிற வாடகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வாடகை அவனுக்கு இல்லை, முன்பதிவு இல்லை. அடுத்த வாரம் கூர்க், அதற்கடுத்து ஸ்பிட்டி என்று கனவு வைத்திருக்கிறான். அந்தக் கனவுக்கு வேண்டிய வண்டியில்தான் அவன் இந்தத் தோப்புக்கு வந்திருக்கிறான். குற்றாலத்துக்கு அது அதிகப்படி, ஸ்பிட்டிக்கு அளவு. குட்டியானை ஸ்பிட்டிக்குப் போகாது, போகவும் ஆசைப்படவில்லை. அதன் சொந்தக்காரர் வருடத்தில் ஒரு ஞாயிறு மட்டுமே ஊர்சுற்றி. மிச்ச நாளெல்லாம் அந்த வண்டி அவருடைய தவணையைக் கட்டுகிறது.

பன்னிரண்டு மணிக்குச் சாரல் மழையாகிவிட்டது. ஐந்தருவியில் தண்ணீர் அதிகமாகிவிட்டதால் குளிக்கத் தடை என்று யாரோ வந்து சொன்னார்கள். வி-கிராஸின் பக்கப்பந்தல் நான்கு பேருக்கு மட்டும் நிழல் தருகிற அகலம், காற்று தூக்கியடித்தது. குட்டியானையின் தார்ப்பாயோ முன்பக்கம் திறந்து, கறிச்சட்டி மேல் தண்ணீர் சொட்டியது. யார் யோசனை என்று தெரியவில்லை. தார்ப்பாயின் ஒரு முனையை அவிழ்த்து இழுத்து, வி-கிராஸின் கூரைக் கம்பியில் கட்டினார்கள். நைலான் கயிற்றுக்கு அந்த விலையுயர்ந்த கம்பி நல்ல பிடிமானம். இரண்டு வண்டிக்கும் நடுவே பந்தல் விழுந்தது. அதன்கீழ் இலை போட்டார்கள். ஃபிரிட்ஜிலிருந்து தயிர் வந்தது. சருவச்சட்டியிலிருந்து கறிக்குழம்பு போயிற்று. எனக்கும் ஒரு இலை.

மூன்றரை மணிக்குக் குட்டியானைக்காரர் கயிற்றை அவிழ்த்தார். ராத்திரி மார்க்கெட்டில் லோடு இருக்கிறதாம். தார்ப்பாயை நாலு உதறு உதறி, மடித்துக் கிழவியின் காலடியில் போட்டார். வைக்கோலைத் தோப்புக்காரரின் பசுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரியவர் தம்பியிடம், "நீங்களும் பொறப்படலயா?" என்று கேட்டார்.

"கூடாரம் நனைஞ்சிருக்கு ஐயா. ஈரத்தோட மடிச்சா பூஞ்சை பிடிச்சிரும். காயட்டும்னு பாக்குறோம்."

பெரியவர் மேலே பார்த்தார். திரிகூட மலை தெரியவில்லை. மேகம் தென்னை உயரத்துக்கு இறங்கியிருந்தது. "ஆவணி ஆயிரும் தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.